சிவப்புக் கப்பல்

தொலைக்காட்சித் திரையைப் படம் பிடிக்கும்போது பிளாஷ் போடக்கூடாது. இது பலருக்குத் தெரிவதில்லை. பிளாஷ் போட்டால் கண்ணாடியில் அந்த வெளிச்சம்தான் கொப்புளம் மாதிரி விழும், படம் விழாது. அறை விளக்கை அணைத்துவிட வேண்டும். கேமராவை மேசைமேல் ஆடாமல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அழுத்த வேண்டும். நான் எடுத்த படம் அப்படித்தான் தெளிவாக விழுந்தது. இன்ஸ்பெக்டர் விஜயன், நீங்களே பாராட்டினீர்கள். என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, "நல்லா எடுத்திருக்கீங்களே கிராணி" என்றீர்கள். அதற்குப் பிறகுதான் படத்தில் இருக்கும் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பற்றிக் கேட்டீர்கள்.

நீங்கள் வந்தது என்னவோ தேயிலை மூட்டை திருடு போனதை விசாரிக்க. திருடனைக் கண்டுபிடித்தீர்களா? கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள். ஸ்டோருக்குக் காவல் இருக்கும் ஜாகாவின் மச்சான்தான் திருடன், அவன் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. ஆனால் உங்களுக்கு மூட்டை முக்கியமில்லாமல் போய்விட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால், 1983 நவம்பரில், எங்கள் கேமரன் மலைத் தோட்டத்து மூன்றாம் லயத்து வீடுகளின்மேல் மலை சரிந்து பதினொரு பேர் புதைந்தார்களே, அன்றைக்கு எச்சரிக்கைச் சங்கு ஏன் நேரத்தோடு ஊதவில்லை என்று என்னைக் கேட்கிறீர்கள். அப்போது நீங்கள் ரிங்லெட்டில் சப்-இன்ஸ்பெக்டர். மண்ணைத் தோண்டி ஆட்களை வெளியே எடுத்தவர்களில் நீங்களும் ஒருவர். அதனால்தான் இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

சொல்கிறேன். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் பெட்டியிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

அது அட்டாரி. 1977-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதற்கு முன்னால் வந்த விளையாட்டுப் பெட்டிகளில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு ஆட்டத்தோடு சரி, சலித்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். இதில் மேலே ஒரு பள்ளம் இருக்கும். அதில் கேசட்டை மாற்றி மாற்றிச் செருகினால் ஆட்டம் மாறும். பெட்டியின் முகப்பு மரப்பலகை மாதிரி இருக்கும், ஆனால் மரம் இல்லை. வரவேற்பறையில் மேசை நாற்காலியோடு ஒட்டி இருக்கட்டும் என்று அப்படிச் செய்தார்கள். எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை 1981-இல் வேலையை விட்டுச் சீமைக்குப் போனபோது, தன் மகன் வைத்திருந்த பெட்டியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பெரிய கிராணிக்குக் கொடுக்கவில்லை. மருந்து கொடுக்கும் டிரஸ்ஸருக்கும் கொடுக்கவில்லை. அப்போது நான் ஆபீஸில் கணக்கு எழுதும் இரண்டாம் கிராணிதான், ஆனாலும் என்னைக் கூப்பிட்டு, "சாம்பசிவம், இது உனக்குத்தான் புரியும்" என்று இங்கிலீஷில் சொல்லிக் கொடுத்தார். சாமான் எடை கூடிப்போனதால் விட்டுப் போனார் என்று சிலர் சொல்வார்கள். பொறாமை பிடித்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

எனக்குப் புரிந்தது. கூட வந்த புத்தகத்தையும், துரை மகன் விட்டுப்போன பத்திரிகைகளையும் ஒரு வரி விடாமல் படித்தேன். அந்தப் பெட்டிக்கு நினைவு என்று இருப்பது 128 எழுத்துக்குத்தான் காணும். ஒரு தபால் அட்டையில் நாம் அதைவிட அதிகமாக எழுதுவோம். முழுப் படத்தையும் அதனால் மனதில் வைத்துக்கொள்ள முடியாது. திரையில் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோடாக வரையும். ஒரு கோட்டைப் போட்டு முடித்ததும் அதை மறந்துவிட்டு அடுத்த கோட்டைப் பார்க்கும். எங்கள் தோட்டத்து ஜனங்களும் இப்படித்தான். இன்றைக்குக் காலைப் பெரட்டில் ஆள் கணக்குக்குப் பேர் கொடுத்தால் சரி, நாளைக்கு என்ன வரும் என்று யோசிக்கத் தெரியாது. ஒரு வித்தியாசம், பெட்டி சொன்னதைச் சரியாகச் செய்யும்.

முன்பக்கம் ஆறு சுவிட்ச். ஒன்று மின்சாரத்துக்கு. ஒன்று கலரைக் கறுப்பு வெள்ளையாக மாற்ற. இரண்டு, ஆட்டத்தைக் கடினமாக்கவோ சுலபமாக்கவோ. மிச்சம் இரண்டும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க, புதிதாக ஆரம்பிக்க. ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி வைக்க மட்டும் சுவிட்ச் கிடையாது. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். ஆரம்பித்தால் முடியும் வரை கையை எடுக்க முடியாது. மின்சாரம் போனால் எல்லாம் போச்சு, அதுவரை எடுத்த புள்ளிகள் எதையும் அது ஞாபகம் வைத்திருக்காது.

கலர் டிவி வைத்திருந்த வீடு அந்தத் தோட்டத்தில் துரை பங்களாவை விட்டால் என் வீடுதான். சனிக்கிழமை சாயந்திரங்களில் லயத்து ஆட்கள் ஜன்னலுக்கு வெளியே கூடி நிற்பார்கள். நான் விரட்டியதில்லை. பெட்டியின் சரித்திரத்தைக்கூட எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். எருமை மாட்டின்மேல் மழை பெய்த கதைதான். மூன்றாம் லயத்து மணியம்மா என்று ஒருத்தி, கொழுந்து பறிக்கிறவள், எஞ்சின்காரன் முருகையாவின் பெண்சாதி. ஒரு நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், நான் கைப்பிடியை ஆட்டி ஆட்டி மேலிருந்து இறங்கும் எதிரிக் கப்பல்களைச் சுடுவதைப் பார்த்துவிட்டு, "என்னாங்கய்யா, ஆபீஸ்ல பேனா புடிக்கிற கையி, வீட்டுல கொசு அடிச்சிக்கிட்டுக் கெடக்கு" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சாரதாகூட அடுப்படியில் சிரித்தாள், எனக்குக் கேட்டது. மறுநாள் பெரட்டுக் களத்தில் நான் வரும்போது பின்னால் எவனோ, "கொசுக் கிராணி வராருலா, வாய மூடு" என்று சொன்னான். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதனால் எனக்கு அவள்மேல் கோபம் இருந்தது என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? கழுதைமேல் யாராவது கோபப்படுவார்களா?

இனிச் சங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்துக்கு மின்சாரம் பேக்டரி எஞ்சினிலிருந்துதான். சாயந்திரம் இருட்டத் தொடங்கும்போது வீடுகளுக்கு விடுவார்கள். சங்குக்கும் அதே எஞ்சின். சங்கை ஊத வேண்டுமானால் எஞ்சின் வீட்டில் லீவரை அந்தப் பக்கம் தள்ள வேண்டும். தள்ளினால் வீடுகளில் விளக்கு போய்விடும். அந்த லீவர் முருகையாவின் பொறுப்பு. எஞ்சின் வீடு என் வீட்டுக்குப் பின்னால்தான், கூப்பிட்டால் கேட்கும்.

முருகையா கெட்டவன் இல்லை. முட்டாள், அவ்வளவுதான். 1982-இல் ஒரு தடவை, லாலான் புல் எரிந்த புகையைப் பார்த்து, ஸ்டோர் தீப்பிடித்துவிட்டது என்று பதறிச் சங்கை ஊதினான். வெளிக்காட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பறித்த கொழுந்தெல்லாம் வெயிலில் கிடந்து வீணானது. புதிதாக வந்திருந்த துரை, இனிமேல் வழக்கமான நேரம் தவிர மற்ற நேரத்தில் பொறுப்பில் இருக்கும் கிராணி சொல்லாமல் சங்கு ஊதக் கூடாது என்று உத்தரவு போட்டார். அவர் போட்டது அவ்வளவுதான். சூடம் என் யோசனை.

இந்த ஜனங்களுக்குச் சட்டம் புரியாது, சூடம் புரியும். எஞ்சின் வீட்டை ஒட்டி இருக்கும் முனியாண்டி கோயிலுக்கு முருகையாவைக் கூட்டிப்போய், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன். அவன் மறுப்புச் சொல்லவில்லை. "ஐயா வார்த்த இல்லாம சங்கத் தொடமாட்டேங்க. தொட்டா எம் பொண்டாட்டி புள்ளைங்க வெளங்காது" என்று சொல்லி அணைத்தான். பெண்டாட்டி பிள்ளையை அதில் சேர்க்கச் சொல்லி நான் சொல்லவில்லை. அவனாகச் சேர்த்துக்கொண்டான்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு எஞ்சினுக்கும் லோரிக்கும் தராசுக்கும் பொட்டு வைத்து முடித்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு என் வீட்டு வாசலுக்கு வந்தான். நான் சொல்வது 1983, சரிவு நடந்ததற்கு ஒரு மாதம் முந்தி. "பெட்டிக்கும் ஒரு பொட்டு வெச்சிரலாங்களாய்யா, அதுவும் மிஷின்தானே" என்றான். சரி, பக்தியாகக் கேட்கிறானே என்று உள்ளே விட்டேன். ஒரே ஒரு தடவை லயத்து ஆள் ஒருவனை ஹாலுக்குள் விட்டேன், அதற்கு நான் பட்டது போதும். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சூடம் காட்டி, எஞ்சினுக்குத் தெளிப்பதுபோல மாவிலையால் தீர்த்தத்தையும் தெளித்தான். நேராகக் கேசட் செருகும் பள்ளத்துக்குள். குரங்கு கையில் பூமாலை கொடுத்தால் பிய்த்துப் போடும். இவன் கையில் பெட்டியைக் கொடுத்தால் குளிப்பாட்டுகிறான்.

பஞ்சையும் ஸ்பிரிட்டையும் வைத்துத் துடைத்து ஒருவாறு சரிப்படுத்தினேன். ஆனால் அதற்குப் பிறகு அது பழைய பெட்டியாக இல்லை. ஒரு தடவை அணைத்தால் மறுபடி படம் வருவதற்குச் சில சமயம் ஒரு வாரம்கூட ஆகும். வெறும் கோடு கோடாக ஓடும். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போகாமல் பார்த்துக்கொள்வது எவ்வளவு முக்கியம் என்று நீங்கள் யோசித்துப் பாருங்கள். அந்த நிலைமையை உண்டாக்கியவன் நானில்லை.

அப்புறம் அந்தத் துணிப் பட்டை. அட்டாரிக் கம்பெனியில் ஆட்டங்களை எழுதிய ஆட்களின் பெயரை வெளியே போட மாட்டோம் என்று முதலாளிகள் சொல்லிவிட்டார்கள். அதனால் சிலர் கோபித்துக்கொண்டு வெளியேறி, 1979-இல் சொந்தக் கம்பெனி ஆரம்பித்து, அதே பெட்டிக்குக் கேசட் செய்தார்கள். உழைத்தவன் பெயர் நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்பது நியாயமான ஆசை. அவர்கள் விளையாடுகிறவர்களுக்கும் அந்த மரியாதையைக் கொடுத்தார்கள். குறிப்பிட்ட புள்ளிகளைத் தாண்டி, திரையைப் படம் பிடித்து அனுப்பினால், சட்டையில் தைத்துக்கொள்ள ஒரு பட்டை அனுப்புவார்கள். ஈப்போவில் இருக்கும் என் மைத்துனன் வாங்கி வந்த கேசட்டில் அந்த அறிவிப்பு இருந்தது. பத்தாயிரம் தாண்ட வேண்டும். கேமரன் மலையில் அந்தப் பட்டை வாங்கியவன் எவனும் அன்றைக்கு இல்லை, இன்றைக்கும் என்னைத் தவிர இல்லை.

தீபாவளிக்கு முன்பிருந்தே மழை. தீபாவளி முடிந்த அடுத்த வாரம் ஒரு நாள், விளக்கு விட்டுக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். துரை தானா ராத்தா கிளப்புக்குப் போயிருந்தார். தோட்டம் என் பொறுப்பில். பெட்டி அன்று முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. அது ஒரு நல்ல சகுனமாக எனக்குப் பட்டது. சாரதா அடுப்படியில் இருந்தாள். ஆபீஸ் கேமராவைப் புது பிலிம் போட்டு மேசைமேல் தயாராக வைத்திருந்தேன்.

ஆட்டம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது முருகையா வந்து வாசற்படிக்கு வெளியே நின்றான். மழைக்குச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக் கொங்காணி போட்டிருந்தான். கையில் எஞ்சின் வீட்டு லாந்தர், அதன் கண்ணாடி சிவப்பு. நான் திரும்பிப் பார்க்கவில்லை, திரைக் கண்ணாடியிலேயே தெரிந்தது.

"ஐயா, ஆத்துத் தண்ணி செம்மண்ணா வருதுங்க. மூணாம் லயத்துக்குப் பின்னால மலை வெடிச்சிருக்கு. பாலம் போயிருச்சு, அந்தப் பக்கம் ஓட முடியலீங்க. சங்கு ஊதுனா எல்லாம் கோயில் திடலுக்கு ஏறிருவாங்க. ஒரு வார்த்த சொல்லுங்கய்யா."

"இரு" என்றேன்.

இரு என்றால் மாட்டேன் என்று அர்த்தமில்லை. மரியாதையாகத்தான் சொன்னேன். வாய் சும்மாதானே இருந்தது, ஊது என்று ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு என்று நீங்கள் நேற்றுக் கேட்டீர்கள். சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் ஓடிப்போய் லீவரைத் தள்ளுவான், விளக்கு போகும், பெட்டி அணையும். பத்தாயிரத்துக்கு நான் இரண்டு வருஷம் உழைத்திருக்கிறேன். செம்மண் தண்ணீர் எந்த மழையில்தான் வராது? லெம்பா பெர்த்தாமில் போய்ப் பாருங்கள், வருஷம் முழுக்க அதுதான். ஏற்கெனவே ஒரு தடவை புல் எரிந்ததற்குச் சங்கு ஊதியவன் சொல்வதை உடனே நம்பிவிட வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

அவன் நின்றான். சத்தம் போடவில்லை. அந்த லயத்தில் அவன் பெண்டாட்டி மணியம்மாவும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள் என்பது அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். லீவர் எங்கே இருக்கிறது என்றும் அவனுக்குத் தெரியும். தள்ளிவிட வேண்டியதுதானே? நானாக இருந்தால் தள்ளியிருப்பேன். சூடமாவது சாம்பலாவது என்று போயிருப்பேன். அவன் நனைந்துகொண்டு நின்றான். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நடுவில் சாரதா வந்து, "என்னங்க, அந்த ஆளு நடுங்கிக்கிட்டு நிக்கிறாருங்க. சரின்னு சொல்லிடுங்களேன்" என்றாள். உள்ளே போகச் சொன்னேன். போனாள்.

ஆட்டம் ஒரு வழியாக முடிந்தது. முடிந்ததும் சும்மா விட்டுவிட முடியாது. கொஞ்ச நேரம் யாரும் தொடாமலிருந்தால், திரைக் கண்ணாடி கெட்டுவிடக் கூடாது என்று பெட்டி தானாகவே நிறங்களை மாற்றத் தொடங்கிவிடும். படத்தை அதற்குள் எடுத்தாக வேண்டும். எழுந்து அறை விளக்கை அணைத்தேன். நான் வெளியே வருகிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான் போலிருக்கிறது, "சாமி" என்றான். கேமராவைப் புத்தகத்தின்மேல் வைத்து, குனிந்து, மூச்சைப் பிடித்து அழுத்தினேன். பத்திரத்துக்கு இன்னொன்றும் எடுத்தேன். அப்புறம், "ம், போய் ஊது" என்றேன்.

ஓடினான். சங்கு ஊதியது, விளக்கு போனது. சங்குச் சத்தத்தோடு சேர்ந்தே இன்னொரு சத்தமும் கேட்டது, லோரியிலிருந்து கல் கொட்டுவது மாதிரி. முதல் லயத்து ஆட்களும் இரண்டாம் லயத்து ஆட்களும் சங்கைக் கேட்டுத் திடலுக்கு ஏறிப் பிழைத்தார்கள். அத்தனை பேரும் பிழைத்தது என் வார்த்தையால்தான். அதை யாரும் பேசுவதில்லை.

மறுநாள் காலை அதே கேமராவில், அதே பிலிமில், சரிவைப் படம் எடுத்து ரிப்போர்ட்டில் சேர்த்தேன். வேறு பிலிம் வாங்க தானா ராத்தா போக வேண்டும், ரோடு மண் மூடிக் கிடந்தது. இப்போது நீங்கள் ஆபீஸில் தேடி எடுத்திருக்கும் நெகட்டிவில் ஆட்டத்தின் திரைக்கு அடுத்த படமே மண்ணாக இருப்பது அதனால்தான். இதில் மர்மம் ஒன்றுமில்லை.

லீவர் துருப்பிடித்து இறுகியிருந்தது, முருகையா எண்ணெய் போடாமல் விட்டிருந்தான், அதனால் சங்கு தாமதமானது என்று ரிப்போர்ட் எழுதியதும் நான்தான். அவனிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் புதைத்த இடத்திலிருந்து திரும்பி வரும்போது அவன் என் பக்கத்தில் வந்து, "நான் சத்தியத்த மீறியிருக்கணுங்கய்யா" என்றான். "ஆமா" என்றேன். உண்மைதானே? "நின்னேன்னு சொன்னா, ஏன் நின்னேன்னு ஊரே கேக்கும். லீவர் மேல போட்டுக்க" என்றேன். கும்பிட்டான். விசாரணையில் நான் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தான். வேலை போயிற்று. லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டம் ஒன்றில் கூலிக்குப் போய், சம்சு குடித்து, போன வருஷம் செத்துப்போனான். நான் மாலை வாங்கி அனுப்பினேன்.

பட்டை எண்பத்து நான்காம் வருஷத் தொடக்கத்தில் வந்தது. அதற்குள் அமெரிக்காவில் அந்த வியாபாரமே படுத்துவிட்டது. விற்காத கேசட்டுகளை லோரி லோரியாக ஏற்றிக்கொண்டுபோய்ப் பாலைவனத்தில் குழி தோண்டிப் புதைத்து, மேலே சிமெண்டு ஊற்றினார்களாம். அதுவும் அதே எண்பத்து மூன்றுதான். அந்த வருஷம் புதைந்துபோன எல்லாவற்றுக்கும் என்னையே பிடித்துக்கொண்டால் எப்படி?

படத்தையும் பட்டையையும் ஒன்றாகக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டினேன். வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். கறுப்பு வானத்தில், எதிரிக் கப்பல்களுக்கு நடுவே, ஓரமாகத் தெரியும் சிவப்புப் புள்ளியையும் பார்த்தார்கள். அதையும் ஒரு கப்பல் என்றே நினைத்தார்கள். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அதற்குப் பின்னால் கொங்காணி போட்ட ஒரு தலை மங்கலாகத் தெரியும். யாரும் உற்றுப் பார்க்கவில்லை. உங்கள் வீட்டில் அதே கேசட் இருக்கும் என்றும், அந்த ஆட்டத்தில் சிவப்புக் கப்பலே கிடையாது என்று நீங்கள் சொல்வீர்கள் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு போலீஸ்காரர் அட்டாரி விளையாடுவார் என்று யார் நினைப்பார்கள்?

வீட்டுக்கு வருபவர்களைச் சாரதா எப்போதும் ஜன்னல் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார வைப்பாள். அன்றைக்கு உங்களுக்கு மட்டும் படத்துக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஏதோ தற்செயல்தான். அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை, நாலு வருஷமாக "என்னங்க" என்று கூப்பிட்டதுகூட இல்லை. ஆனால் நல்ல பெண். எனக்குக் கெடுதல் நினைக்க மாட்டாள்.

சரி, இன்றைக்குக் காலையில் நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். படத்தில் இருபத்தி மூவாயிரத்துச் சொச்சம் புள்ளிகள் இருக்கின்றன, பட்டைக்குப் பத்தாயிரம்தானே வேண்டும், எப்போது தாண்டினீர்கள் என்று கேட்டீர்கள். முருகையா வாசலுக்கு வருவதற்கு முன்பே தாண்டிவிட்டேன். அவன் வந்தபோதே ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டுப் படம் எடுத்திருக்கலாம், பட்டை கிடைத்திருக்கும். நான் எழுந்திருக்கவில்லை. மணியம்மாவின் புருஷன் வந்து நின்று, ஐயா எழுந்திருங்கள் என்றால் நான் எழுந்துவிடுவதா? துரை சொன்னால் எழுந்திருப்பேன். எஞ்சின்காரன் சொல்லி எழுந்தால் மறுநாள் பெரட்டில் எனக்கு என்ன மரியாதை மிஞ்சும்? என்னைப் பார்த்துச் சிரித்த லயம் கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்ததை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அவன் சத்தம் போடவில்லை என்று சொன்னேன் அல்லவா, அதையும் திருத்திக்கொள்ளுங்கள். முதலில்தான் சும்மா நின்றான். சாரதா உள்ளே போன பிறகு கத்தத் தொடங்கிவிட்டான். "மணி இருக்காய்யா அங்க, எம் புள்ளைங்க இருக்குதுய்யா" என்று அழுதுகொண்டே கத்தினான். என்னால் ஆட்டத்தில் மனம் செலுத்த முடியவில்லை. எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய், அவன் குரல் கேட்காத அளவுக்குச் சத்தத்தைக் கூட்டிவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தேன். அதற்குள் என் பீரங்கி ஒன்று போய்விட்டது. பரவாயில்லை, இன்னும் இரண்டு மிச்சம் இருந்தது.

இப்போது வந்திருக்கும் புதிய அட்டாரிப் பெட்டியில் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி வைக்க ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்களாம். அதை அப்போதே வைத்திருந்தால் அந்தப் பதினொரு பேரும் பிழைத்திருப்பார்கள், இன்ஸ்பெக்டர். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.